அப்பாவும் பெருக்கும் வாரமும்

ஞாயிறு

அப்பா நேற்று மாலை ஜெர்மனிக்கு, நான் வேலை பார்க்கும் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து இறங்கினார். இன்று காலை காற்று வாங்கக் கீழே போனவர், வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும் பலகையின் முன்னால் நின்றுவிட்டார்.

"பாப்பா, என் பேரு எதுக்கு இங்க இருக்கு? உன் பேரைக் காணோமே?"

இந்த நாட்டில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதோடு சரி. அதற்குமேல் தபால்காரருக்கு வழிகாட்டுவது மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய அன்றே அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அலுவலகத்தில், வங்கியில், மருத்துவரின் வரவேற்பறையில் எல்லாம் பெண்களுக்கான மரியாதைச் சொல்லான 'ஃப்ராவ்' என்பதை முன்னால் போட்டு அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். இதை விளக்கிச் சொன்னதும் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மணிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். "ஒரு போட்டோ எடு. உங்கம்மாவுக்கு அனுப்பணும்."

பிறகு கடைக்குப் போகலாம் என்றார். கடை இல்லை என்றேன். அடுத்த தெருவில் இருக்குமே என்றார். அடுத்த தெருவிலும் இல்லை, ஊரிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்கும் திறந்திருக்கும். பேக்கரிகள் சில மணி நேரம் மட்டும் திறக்கும். மற்றபடி ஷட்டர்தான்.

"என்ன, ஊரடங்கா?"

ஏறக்குறைய அப்படித்தான், அதுவும் அரசியல் சட்டம் போட்டது. ஜெர்மனியின் பழைய அரசியல் சட்டமான 1919-ஆம் ஆண்டு வைமார் சட்டத்தின் 139-ஆவது பிரிவு, ஞாயிற்றுக்கிழமையை வேலை ஓய்வுக்கும் மன மேம்பாட்டுக்கும் உரிய நாளாகப் பாதுகாக்கிறது. 1949-இல் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதனால் கடை திறப்பு நேரத்தை மாநிலங்கள் எப்படி மாற்றினாலும் ஞாயிற்றுக்கிழமை மேல் லேசில் கை வைக்க முடியாது.

கடை மட்டுமில்லை, சத்தமும் விடுமுறையில் போய்விடும். சுவரில் துளை போடக் கூடாது, புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும் கூடாது, உடையும் ஓசை கேட்குமாம். மிக்ஸி ஓட்டினால் சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் நான் சட்னியைச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுவேன். கீழ்வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை, சொல்லும்படி வைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் காட்டுப்பக்கம் நடந்தோம். ஊரே அங்கேதான் இருந்தது. வாங்க வழியில்லாதபோது மனிதர்கள் நடக்கிறார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திங்கள்

அப்பா நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே நான் காட்டுவதாகத் திட்டமிட்டிருந்த அரண்மனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பையைக் காட்டு என்றார்.

சமையல் கழிவுக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒன்று, பால் டப்பா, தயிர்க் கிண்ணம் போன்ற உறைகளுக்கு மஞ்சள், எதிலும் சேராததற்கு ஒன்று. கண்ணாடி தனி. அதிலும் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று மூன்று வாய். நீலக் கண்ணாடி பாட்டில் வந்தால் எங்கே போடுவது என்று கேட்டார். பச்சையில். சரியான கேள்வி கேட்டவரைப் பார்த்து எனக்கே மரியாதை கூடியது.

அவருக்கு ரொம்பப் பிடித்தது சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பாட்டில் இயந்திரம். காலி பாட்டிலை உள்ளே விட்டால் அது சுழற்றிப் பார்த்து வாங்கிக்கொள்ளும். கடைசியில் ஒரு சீட்டு தரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசு வாங்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம், 2003-இலிருந்து. திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பும் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான்.

"இதுதானே நம்ம நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குச் செஞ்சது?" என்றார். உண்மைதான். 2022-இல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போட்ட பிறகு வந்தது. இங்கே யானை இல்லை. ஆனாலும் யோசனை ஒன்றே.

திரும்பி வரும் வழியில் பூங்காவில் அப்பா ஒன்றைக் கவனித்தார். காலி பாட்டில்களைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் தரையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்தார். இல்லை, எடுக்க வருகிறவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். அப்பா வயதிருக்கும். நல்ல கோட்டு, துடைத்த காலணி. பாட்டில்களைத் துணிப்பையில் அடுக்கிக்கொண்டு எங்களுக்கு ஒரு வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வீடு வரும்வரை பேசவில்லை. மாடிப்படியில்தான் கேட்டார்: "பென்ஷன் போதலையா அவருக்கு?" சிலருக்குப் போதாது. இந்த நாட்டைப் பற்றி ஊருக்கு எழுதுகிறவர்கள் அந்த இயந்திரத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். துணிப்பைக்காரரை விட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய்

மாலை வேலை முடிந்து வந்தால் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறு பலகை தொங்கியது. 'கேர்வோக' என்று எழுதியிருக்கும். பெருக்கும் வாரம். இந்த வாரம் கட்டடம் என் பொறுப்பு.

ஜெர்மனி முழுதும் இப்படியென்று நினைத்துவிட வேண்டாம். இது ஸ்வாபியர்களின், அதாவது ஸ்டுட்கார்ட் வட்டாரத்து மக்களின் சொத்து. பெர்லின்காரர்கள் இதைச் சொல்லித்தான் இவர்களைக் கேலி செய்வார்கள். சிறிய கேர்வோக என்றால் உங்கள் மாடியின் படிக்கட்டும் நடையும். பெரிய கேர்வோக என்றால் வாசல், நிலவறை, குப்பைத்தொட்டி இடம், வெளியே நடைபாதை எல்லாம். பனிக்காலத்தில் விடிந்ததும் பனி தள்ளுவதும் சேர்த்தி. தள்ளாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வி உங்களிடம் வரும்.

வேர் 1492 வரை போகிறது என்கிறார்கள். தாடிக்கார எபர்ஹார்ட் என்று பெயர் பெற்ற வூர்ட்டம்பெர்க் பிரபு ஆண்ட காலம். ஊர் சுத்தமாக இருக்க, ஒவ்வொருவரும் வாரந்தோறும் தன் சாணக் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு. கொலம்பஸ் கப்பலேறிய அதே ஆண்டு. 1988-இல் நகராட்சி சட்டக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பழக்கம் போகவில்லை, வாடகை ஒப்பந்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

அப்பாவுக்குப் புரிய நேரமானது.

"சரி, பெருக்குறதுக்கு யார் வருவா?"

"நான்தான்பா."

"எதிர்வீட்டுல?"

"அவர் பல் டாக்டர். போன வாரம் அவர் முறை."

"டாக்டர் பெருக்குவாரா?"

"மேல்வீட்டு அம்மா ரிட்டயர்டு டீச்சர். எண்பது வயசு. அவங்களும்தான்."

அப்பா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்குமேல் விடிவதற்கு முன்னால் எழுந்து போய்த் துப்புரவுப் பணியாளர்களின் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுத்த மனிதர். எந்த வார்டுக்கு எத்தனை ஆள், எத்தனை துடைப்பம், எத்தனை மூட்டை பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு எழுதியவர். அந்த மஸ்டரில் இருந்த பெயர்கள் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வந்தன என்பதும், வேறெந்தத் தெருவிலிருந்தும் ஏன் வரவில்லை என்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். துடைப்பம் யார் கைக்குப் போக வேண்டும் என்று ஆள் பிறப்பதற்கு முன்னாலேயே தீர்மானித்து வைக்கிற ஊர் நம்முடையது. இங்கே பலகை கதவைப் பார்த்துத் தொங்குகிறது, ஆளைப் பார்த்து அல்ல.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "நல்ல சிஸ்டம்" என்று மட்டும் சொல்லி பலகையை ஆணியில் மாட்டினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பக்கத்துக் கட்டடத்தில் யாரும் பெருக்குவதில்லை. அங்கே ஒரு நிறுவனத்துக்கு மாதப் பணம் கட்டிவிட்டார்கள். வேனில் வந்து பெருக்கிப் போகிறவர்களுக்குள் நான் இதுவரை ஸ்வாபிய மொழி கேட்டதில்லை. புதிய கட்டடங்களில் அதுதான் வழக்கமாகி வருகிறது. பணம் வந்தால் துடைப்பம் கைமாறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

புதன்

சிக்னலில் சிவப்பு மனிதன். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

கடந்தால் அபராதம் 5 யூரோதான். அதற்குப் பயந்து யாரும் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. குழந்தை பார்க்கும்போது சிவப்பில் கடந்தால், முன்பின் தெரியாத பெரியவர்கள்கூடச் சத்தமாகக் கண்டிப்பார்கள். ஊரில் அடுத்தவர் பிள்ளையைக் கண்டிக்க உறவு முறை இருக்கிறது: அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமா. இங்கே அந்த உரிமையை விதி கொடுத்துவிடுகிறது.

வியாழன்

மேல்வீட்டு அம்மா காபிக்கு அழைத்திருந்தார். நேரம் மூன்றரை. மூன்றரை என்றால் மூன்றரை. இரண்டு நிமிடம் முன்னதாகவே தயாராகிவிட்டதால் படிக்கட்டில் நின்றோம். அப்பாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கிறது கல்யாணப் பொண்ணு பார்க்கப் போறப்ப மட்டும்தான்" என்றார்.

முறுக்கு கொண்டுபோனோம். அவர் பிரித்து, ஒன்றைக் கடித்து, எதில் செய்தது என்று விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆப்பிள் கேக் சுட்டிருந்தார், மேலே அடித்த கிரீம். அப்பா தட்டைக் காலி செய்தார். இன்னொரு துண்டு வேண்டுமா என்று அவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா முகத்தில் ஆசை தெரிந்தது. ஆனாலும் கையை மார்புக்கு நேரே விரித்து, "வேண்டாம் வேண்டாம், போதும்" என்றார்.

அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு கேக் மேல் மூடியைக் கவிழ்த்தார்.

அப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கும்போது கேட்டார்: "ரெண்டாம் தடவை கேக்க மாட்டாங்களா?"

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க."

"சொன்னா?"

நம் வீடுகளில் முதல் 'வேண்டாம்' ஒரு மரியாதை. இரண்டாவது, பழக்கம். மூன்றாவது தடவையும் மறுத்தால்தான் வயிறு நிறைந்தது என்று கொள்வோம். அப்போதும் ஒரு கரண்டி விழும். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்டால் உன் வார்த்தையை நான் நம்பவில்லை என்று சொல்வதாகிவிடும். இரண்டிலும் அன்பு இருக்கிறது. ஒன்றில் பசியோடு வீடு திரும்ப நேரலாம், இன்னொன்றில் செரிமான மாத்திரை தேட நேரலாம். எனக்குச் செரிமான மாத்திரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்வு உண்டு.

கேக் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அலுவலகத்தில் இன்று ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் கொண்டுவந்தது அவரேதான். பள்ளிக்கூடத்தில் நாம் புதுச்சட்டை போட்டு மிட்டாய் கொடுப்போமே, அது இங்கே அறுபது வயது வரை தொடர்கிறது. ஆனால் ஒரு நாள் முன்னதாக வாழ்த்தக் கூடாது. நாளைக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன், இன்றே சொல்லிவிடுகிறேன் என்றால் முகம் மாறும். அது கெட்ட சகுனம். இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஜனங்களுக்கும் சகுனம் உண்டு என்று தெரிந்ததில் அப்பாவுக்குப் பெரிய ஆறுதல்.

வெள்ளி

மழை. எட்டு டிகிரி. காலையில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தேன். அப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, "ஹீட்டரைப் போட்டுட்டு ஜன்னலைத் திறக்கிற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்" என்றார். ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் திறந்தேன் என்று சொல்லியும் எடுபடவில்லை. ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து ஈரக்காற்றை வெளியே தள்ளாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கும் ஒரு பத்தி உண்டு. வேறு விசேஷமில்லை.

சனி

காலை ஒன்பது மணிக்கு நான் படிக்கட்டைத் துடைக்கத் தொடங்கினேன். வெளி நடைபாதையில் மேப்பிள் இலை கணுக்கால் வரை. நீண்ட கழி வைத்த துடைப்பத்தை அப்பா எடுத்துக்கொண்டார். வேண்டாம்பா என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். இந்த ஊர் வழக்கம்.

முதலில் அவருக்குக் கை வரவில்லை. குனிந்து பெருக்கும் துடைப்பத்தையே பார்த்துப் பழகியவர். நிமிர்ந்து நின்று பெருக்கலாம் என்று தெரிந்ததும் கழியை மேலும் கீழும் பார்த்து, "இந்த நீளத்துக்குக் கழி போட்டுக் குடுன்னு எத்தனை தடவை எழுதியிருக்கேன் தெரியுமா?" என்றார். யாருக்கு எழுதினார், என்ன பதில் வந்தது என்று கேட்டேன். இலையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

இங்கே நடைபாதை பெருக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் கட்டடம் முடியும் இடத்தில் துடைப்பமும் நிற்கும். இந்தப் பக்கம் பளிச்சென்று கல், அந்தப் பக்கம் இலைக்குவியல், நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. அப்பா கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் வெளியே வந்து, இது எங்கள் பகுதி, எங்களுக்கு ஆள் வரும் என்று என்னிடம் சொன்னார். கோபமில்லை, குழப்பம். அப்பாவிடம் சொன்னேன்.

"இலை எந்த வீட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

மொழிபெயர்த்தேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். சிரித்தபடி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

பல் டாக்டர் சைக்கிளில் வந்தார். நடைபாதையை ஓரமாக ஒரு பார்வை பார்த்தார். "குறை சொல்ல முடியாது" என்றார். இவ்வளவுதானா என்று அப்பா முகம் வாடியது. ஸ்வாபியாவில் அதற்குமேல் பாராட்டு கிடையாது என்று விளக்கினேன். திட்டாமல் விட்டாலே போதுமான பாராட்டு என்று இவர்களிடம் பழமொழியே இருக்கிறது. "எங்க கமிஷனரும் அப்படித்தான்" என்றார், சமாதானமாகி.

பலகையைக் கீழ்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்து அம்மாவுக்குப் போன் போட்டோம். "நான் இன்னிக்குத் தெருவையே பெருக்குனேன், தெரியுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்டாள்: "நம்ம வீட்டை என்னைக்காவது பெருக்கியிருக்கீங்களா?"

அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு

அக்டோபர் கடைசி ஞாயிறு. விடியற்காலை மூன்று மணியை இரண்டு மணியாக்கிவிட்டார்கள். 1980-இலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கூத்து. "அரசாங்கம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் குடுக்குதா? பாட்டில் காசு மாதிரியா?" என்றார் அப்பா. மார்ச்சில் பிடித்தது, இப்போது கொடுக்கிறது. அம்மாவுக்குப் போன் போடும் கணக்கும் மாறிவிட்டது: நேற்றுவரை மூன்றரை மணி வித்தியாசம், இன்றிலிருந்து நாலரை.

மாலை உல்பாக் போனோம். ஸ்டுட்கார்ட் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைச் சரிவுகள் உண்டு. அதன் அடிவாரத்தில் இருக்கும் பழைய கிராமம். தெருவில் ஒரு வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கியது.

அப்பா நின்றுவிட்டார். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கிற வீட்டில் பிறந்தவர். வெளியே கிளம்பும்போது அது கண்ணில் படக் கூடாது. இங்கே அதை வாசலில் கட்டித் தொங்கவிட்டால், உள்ளே வாருங்கள் என்று பொருள். திராட்சை பயிரிடுகிறவர்கள் தங்கள் சொந்த ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கலாம், ஓட்டல் உரிமம் தேவையில்லை. ஆனால் ஆண்டுக்கு நான்கு மாதத்துக்கு மேல் கூடாது, நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது, சாப்பாடு எளிமையாக இருக்க வேண்டும். துடைப்பம் தொங்கினால் திறந்திருக்கிறது. அதனால் பெயரே 'பேஸன்', துடைப்பம்.

நாற்பது இருக்கைதான் என்பதால் தனி மேசை கிடைக்காது. நெருக்கித் தள்ளி இடம் கொடுப்பார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். டிராமில் எதிரே உட்கார்ந்தால் முழங்காலைக்கூட ஒதுக்கிக்கொள்ளும் அதே மனிதர்கள், இங்கே அப்பாவின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறார், எத்தனை பிள்ளைகள், இந்தியாவில் திராட்சை விளையுமா என்று வரிசையாகக் கேட்டார்கள். அவர்கள் கையில் ட்ரோலிங்கர் என்ற சிவப்பு ஒயின், கைப்பிடி வைத்த கால் லிட்டர்க் கண்ணாடியில். அப்பாவுக்குத் திராட்சைச் சாறு. அதையும் அதே கைப்பிடிக் கண்ணாடியில் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே பதில் சொன்னார், கையால் பெருக்கிக் காட்டி. மேசையே சிரித்தது. அவர் அதைத் திருத்தவில்லை.

கிளம்பியவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கை கொடுக்காமல், மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவும் பதிலுக்குத் தட்டினார்.

மவுல்டாஷன் வந்தது. இறைச்சியும் கீரையும் மாவுக்குள் மூடி, சூப்பில் மிதக்கவிட்டது. தவக்காலத்தில் இறைச்சியைக் கடவுள் கண்ணில் படாமல் மறைத்துச் சாப்பிடக் கண்டுபிடித்தது என்று பக்கத்திலிருந்தவர் கதை சொன்னார். அப்பா சூப்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பரிமாறுகிற பெண் வந்து இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அப்பா, "யா, யா" என்றார்.

ஒன்று போதுமே, எதற்கு இரண்டு யா என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.